கடல் கடந்த பட்டமும் கைக்கு வரும் தொழிலும்

(சோமனூரில் நடைபெற்ற அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் சனகை என்னும் ஊரினர். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அவ்வூர் என்பது கொங்கு நாட்டு ஆய்வாளர் பலரின் கருத்து. அம்முனிவர் எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன், பொதுப்பாயிரத்தில் ஐந்து பொருள்களை வகுத்துரைக்கிறார். நூல் எத்தகையது, அதனைக் கற்பிப்பவர் யார், கற்பிக்கும் முறை யாது, கற்பவர் யார், கற்கும் முறை யாது என்பன அவை. கல்வி தொடங்குமுன் இவ்வைந்தையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட நெறி.

இன்று பிள்ளைகளை அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் பெற்றோர் இவ்வைந்தில் சிலவற்றையேனும் ஆராய்கின்றனர். பல்கலைக்கழகத்தின் தரவரிசையைப் பார்க்கின்றனர், பாடத்திட்டத்தைப் படிக்கின்றனர், கட்டணத்தைக் கணக்கிடுகின்றனர். ஆயினும் பவணந்தியார் காலத்தில் கேட்க நேராத ஆறாவது வினா ஒன்று இக்காலத்தில் எழுந்துள்ளது. 'கற்ற கல்வியை ஏற்பவர் யார்?' என்பதே அது. அந்தப் பட்டத்தைக் கொண்டு அந்த நாட்டில் அந்தத் தொழிலைச் செய்ய அனுமதி அளிப்பவர் யார்? அவர் கேட்கும் தகுதி என்ன? இவ்வினாவைக் கடைசியில் கேட்போர் கண்ணீர் விடுகின்றனர். முதலில் கேட்போர் கரை சேர்கின்றனர்.

சோமனூர் மக்களுக்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இவ்வூர்த் தறிகளிலிருந்து இறங்குவது காடாத் துணி. நூல் நல்லதாக இருக்கலாம்; நெசவு பிசிறில்லாமல் இருக்கலாம். ஆயினும் காடாவை அப்படியே எவரும் உடுத்துவதில்லை. அது வெளுக்கப்பட வேண்டும், சாயமேற வேண்டும், வாங்குவோர் கேட்கும் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ப முடிக்கப்பட வேண்டும். பட்டமும் அத்தகையதே. பல்கலைக்கழகம் நெய்து தருவது காடா. அதனைத் தொழிலாக்கும் வேலை அதற்குப் பின்னரும் இருக்கிறது. அந்த வேலையின் காலத்தையும் செலவையும் கணக்கில் சேர்க்காத குடும்பங்களே துன்புறுகின்றன.

துன்பம் எத்தகையது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் பெற்று, கூலிக்கு நெய்து தரும் விசைத்தறிக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கூலி உயர்வு கேட்டு 2022இலும் 2025இலும் தறிகளை நிறுத்த நேர்ந்த பகுதி இது. அக்குடும்பம் மகனின் ஓராண்டு முதுகலைப் படிப்புக்காக 25 லட்சம் ரூபாய் கடன் பெறுகிறது என்று கொள்வோம். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். ஆகவே தறிக்கூடமும் வீடும் பிணையாகின்றன. வட்டி 11 விழுக்காடு. படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாண்டு முடிவில் கடன் முப்பதரை லட்சமாகும். அதனைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 42,000 ரூபாய் செலுத்த வேண்டும். மகனுக்கு அந்நாட்டில் தகுதிக்கேற்ற தொழில் அமைந்தால் இத்தொகை சுமையாகாது. அமையாவிடில் அதனைத் தறிக்கூலியிலிருந்து கட்ட இயலுமா? இதனால்தான் ஆறாவது வினா முதல் வினாவாக வேண்டும்.

பட்டம் வேறு, தொழில் உரிமம் வேறு. இதனை அரசுகளே தெளிவாக உரைத்துள்ளன. 2022 ஜூலையில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஒன்றன் பட்டங்களை மற்றொன்று ஏற்பதென ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இங்கிலாந்தின் ஓராண்டு முதுகலைப் பட்டம் இந்தியாவில் ஏற்கப்படுவதற்கு அது வழி செய்தது. ஆயினும் மருத்துவம், மருந்தியல், சட்டம், பொறியியல், கட்டடக்கலை போன்ற தொழிற்பட்டங்கள் அவ்வுடன்பாட்டின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. பட்டத்தை மதிக்கலாம், தொழில் செய்யும் உரிமையைத் தனியே பெற வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆகவே தொழில்களை இருவகையாகப் பிரித்தறிதல் நன்று. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர், கட்டடக்கலைஞர் ஆகியோர் பெரும்பாலான நாடுகளில் பதிவு பெற்றே தொழில் செய்ய இயலும். மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு, ஜவுளி உற்பத்தி மேலாண்மை, வணிகம் போன்றவற்றுக்குப் பொதுவாகப் பதிவு தேவையில்லை. வேலை தருபவர் ஏற்றாலே போதும். முதல் வகையினருக்குத் தடை தேர்விலும் பதிவிலும் இருக்கிறது. இரண்டாம் வகையினருக்குத் தடை விசாவிலும் ஊதிய வரம்பிலும் இருக்கிறது.

முதல் வகைக்கு மருத்துவமே சிறந்த எடுத்துக்காட்டு. 2022 பிப்ரவரி 24ஆம் நாள் உக்ரைன் போர் மூண்டபோது, இந்திய அரசு ஏறத்தாழ 22,500 இந்தியரை மீட்டு வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவ மாணவர். தமிழகத்து வீடுகள் பலவற்றில் அந்நாள்களில் உறக்கமில்லை. அயல்நாட்டில் பெற்ற மருத்துவப் பட்டத்தோடு இந்தியாவில் தொழில் செய்வதற்குரிய நிபந்தனைகளை அப்போதுதான் பல பெற்றோர் முதன்முறையாகப் படித்தனர். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, படிப்பு 54 மாதங்களுக்குக் குறையலாகாது. ஆங்கில வழியில் அமைய வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், இந்தியாவில் மீண்டும் 12 மாதப் பயிற்சியும் பெற வேண்டும். பட்டம் அளித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் இருத்தல் வேண்டும். இவற்றோடு நீட் தேர்ச்சியும், 300 மதிப்பெண்ணுக்கு 150 பெற வேண்டிய தகுதித் தேர்வும் உண்டு. அத்தேர்வில் வெற்றி பெறுவோரைவிடப் பெறாதோரே மிகுதி.

மூன்றாம் நாடு ஒன்றில் தொழில் செய்ய எண்ணினால் வேறு வாயில்கள் உள்ளன. இங்கிலாந்தில் பொது மருத்துவ மன்றத்தின் தேர்வும், அமெரிக்காவில் மருத்துவ உரிமத் தேர்வும் அதன்பின் உறைவிடப் பயிற்சியும் தேவை. செவிலியர் இங்கிலாந்தில் கணினித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். ஜெர்மனியிலோ பட்டத்துக்கு ஏற்பும் ஜெர்மன் மொழித் தேர்ச்சியும் ஒருங்கே வேண்டும். நோயாளி சொல்வது விளங்காத செவிலியர் எத்துணை கற்றிருந்தும் பயனில்லை அல்லவா?

பொறியியல் படித்தோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒரு நாட்டின் பொறியியல் படிப்பை மற்றொரு நாடு இணையாக ஏற்பதற்காக 1989இல் வாசிங்டன் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியாவின் தேசிய தர அங்கீகார வாரியம் 2014இல் அதன் முழு உறுப்பினரானது. ஆயினும் இந்தியக் கல்லூரிகளின் எல்லாப் பட்டங்களுக்கும் அப்பயன் கிட்டாது. அவ்வாரியத்தின் முதல் நிலை அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கே அது பொருந்தும். கல்லூரி முழுமைக்கும் அங்கீகாரம் என்று கருதிவிடலாகாது. பாடப்பிரிவு வாரியாகப் பார்த்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி தேடும் நாளிலேயே இதனைப் பார்த்துவிட்டால், நான்காண்டுக்குப் பின் கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ விண்ணப்பிக்கும் மாணவனின் வழி எளிதாகும். கனடாவில் 'பொறியாளர்' என்னும் பெயரை மாகாண அமைப்பின் உரிமமின்றிப் பொதுவாகப் பயன்படுத்த இயலாது. ஒன்டாரியோ மாகாணம் கனடா நாட்டு அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல்தான் நீக்கியது. அதற்கு முன் சென்ற பொறியாளர் எத்தனை பேர், 'அனுபவம் இல்லாததால் வேலை இல்லை. வேலை இல்லாததால் அனுபவம் இல்லை' என்னும் சுழலில் சிக்கினர்!

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். இங்கே காலமே பெரும் தடை. இங்கிலாந்தில் பட்டம் பெற்ற பின் வேலை தேடித் தங்குவதற்கான விசா 2021 ஜூலையில் தொடங்கியது. முதுகலை முடித்தோருக்கு இரண்டாண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. அதன் பின்னும் தங்க வேண்டுமாயின், உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று வேலை தர வேண்டும். ஊதியமும் வரம்பை எட்ட வேண்டும். அந்தப் பொது வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. தொழிலில் புதிதாக நுழைவோருக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் பட்டதாரிகள் மூன்றாண்டு வரை பயிற்சிப் பணி செய்யலாம். அதன் பின்னர் வேண்டப்படும் எச்-1பி விசா, தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு 65,000. அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. விண்ணப்பிப்போர் இதனினும் பன்மடங்கு. ஜெர்மனியில் பட்டம் பெற்றோர் 18 மாதம் வேலை தேடலாம். அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆயினும் ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவை முன்கூட்டியே வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். இவ்விதிகள் மாறிக்கொண்டே இருப்பன. ஆகவே உறவினர் சொன்னதையோ முகவர் சொன்னதையோ நம்பாமல், அந்தந்த அரசின் இணையதளத்தை விண்ணப்பிக்கும் மாதத்தில் படிப்பதே முறை.

இங்கிலாந்து செல்லும் மாணவர் பலர் ஒரு பிழை செய்கின்றனர். செப்டம்பரில் சென்று இறங்குகின்றனர், குளிருக்குப் பழகுகின்றனர், பகுதிநேர வேலை தேடுகின்றனர், முதல் தேர்வை முடித்த பின் வேலையைப் பற்றி எண்ணலாம் என்றிருக்கின்றனர். ஆனால் அங்குள்ள பெருநிறுவனங்கள் அடுத்த ஆண்டுக்கான பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கும் விண்ணப்பங்களைத் திறப்பது அந்த இலையுதிர் காலத்தில்தான். மாணவன் நிமிர்ந்து பார்க்கும்போது அவ்வாயிலில் பெரும்பகுதி மூடப்பட்டிருக்கும். ஓராண்டுப் படிப்புக்குச் செல்பவன் விமானம் ஏறுமுன்பே தன்விவரக் குறிப்பை ஆயத்தம் செய்திருக்க வேண்டும். வேலை விசா அளிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை இங்கிலாந்து அரசு கட்டணமின்றி வெளியிடுகிறது. அதனைப் பார்த்து விண்ணப்பிப்பவன் வீண் முயற்சியைத் தவிர்க்கலாம். வாரம் 20 மணி நேரம் கடையில் செய்யும் பகுதிநேர வேலை உணவுக்கும் வாடகைக்கும் ஓரளவு துணையாகும். ஆனால் அது தொழிலாகாது. அதனைத் தொழில் என்று ஊரில் சொல்லிப் பெற்றோர் மகிழ்வதும், உண்மையைச் சொல்ல இயலாமல் பிள்ளை தொலைபேசியில் சிரிப்பதும் இரு பக்கத்துக்கும் துயரம்.

பட்டமும் அறிவும் இருந்தும் வாயில் திறவாத நிலை எவருக்கும் வரலாம். அதற்குச் சான்றாக ஒரு தமிழரின் வாழ்க்கை உள்ளது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952இல் சிதம்பரத்தில் பிறந்தார். பரோடாவில் வளர்ந்து, அங்கேயே இயற்பியலில் இளங்கலை முடித்தார். 1976இல் அமெரிக்காவின் ஓஹியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டம் கையில் வந்தபோது, தம் மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்தார். முனைவர் என்னும் பெருமையை ஒதுக்கி வைத்துவிட்டு, கலிபோர்னியாவில் உயிரியல் மாணவராக மீண்டும் வகுப்பில் அமர்ந்தார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபடி ஆசிரியப் பணிக்கு ஏறத்தாழ 50 கல்வி நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றும் கிட்டவில்லை. அவர் ஓயவில்லை. ஓக் ரிட்ஜ், புரூக்ஹேவன் ஆகிய தேசிய ஆய்வகங்களில் ஆய்வாளராகப் பணியாற்றினார். 1995இல் யூட்டா பல்கலைக்கழகத்துக்கும், 1999இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்கும் சென்றார். 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. 2015 முதல் 2020 வரை இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்குத் தலைவராக விளங்கினார்.

நோபல் பரிசு எல்லோருக்கும் கிட்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. ஐம்பது மறுப்புகள் ஒருவரின் தகுதிக்குத் தீர்ப்பாகா என்பதற்காகவே சொல்லப்படுகிறது. பட்டத்துக்குப் பின்னும் மாணவராக அமர அவர் நாணவில்லை. பெரிய வாயில் திறவாதபோது அருகிலிருந்த சிறிய வாயிலை அவர் இகழவில்லை. இவ்விரு பண்புகளும் இருந்தால் வேலை தேடும் காலம் வீணாகாது.

சோமனூர், திருப்பூர்ப் பகுதியின் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஒரு செல்வம் உண்டு. அதனை அவர்கள் தன்விவரக் குறிப்பில் எழுதுவதில்லை. தறிக்கூடத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பாவும் ஊடையும் ஏட்டுச் செய்தியல்ல. நொய்யல் ஆறு மாசடைந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் மீட்டுப் பயன்படுத்தும் முறையைத் திருப்பூர் கற்றது. இன்று ஐரோப்பிய நிறுவனங்கள் துணி எங்கு நெய்யப்பட்டது, எவ்வாறு சாயமிடப்பட்டது, எவ்வளவு நீர் செலவானது என்று வினவுகின்றன. சுற்றுச்சூழல் பொறியியலோ ஜவுளித் தொழில்நுட்பமோ பயின்ற இவ்வூர்ப் பிள்ளை, 'இவற்றைக் கண்ணால் கண்டு வளர்ந்தவன்' என்று நேர்காணலில் சொல்ல முடியும். சொந்த ஊரின் தொழிலறிவை மறைக்காமல் எடுத்துரைப்பதே அயல்நாட்டில் அவனைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும்.

முகவர்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். படிப்புக்கு மாணவரை அனுப்பும் ஆலோசகருக்கு அச்சட்டம் பொருந்தாது. அவர்களுள் நல்லோர் உளர். ஆயினும் மாணவர் சேர்ந்தால் பல்கலைக்கழகம் பலருக்குத் தரகு தருகிறது என்பதை மறக்கலாகாது. 2023இல் கனடாவில், போலிச் சேர்க்கைக் கடிதங்களால் இந்திய மாணவர் பலர் நாடு கடத்தப்படும் அச்சத்துக்கு ஆளாயினர். அக்கடிதங்களைத் தந்தவர் முகவர், அல்லலுற்றவர் மாணவர். விண்ணப்பத்தில் பொய்யான அனுபவச் சான்றையோ வங்கி இருப்பையோ காட்டினால், இங்கிலாந்து பத்தாண்டும் கனடா ஐந்தாண்டும் தடை விதிக்கக்கூடும். பொய்யாமை இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஒன்று என்பதை இந்த அவை அறியும். அயல்நாட்டு வேலை தேடுவோர்க்கு அது அறம் மட்டுமன்று, காவலும் ஆகும்.

பண உதவி தேடுவோர் அறிய வேண்டுவது ஒன்று. 2014 ஜனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஆகவே தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமாகிய டாம்கோவின் கல்விக் கடனுக்குத் தமிழ்ச் சமணக் குடும்பங்களும் விண்ணப்பிக்கலாம். மாணவியர்க்கு வட்டியில் சலுகை உண்டு. தாம் தேர்ந்தெடுத்த படிப்புக்கு அக்கடன் பொருந்துமா என்பதை மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே வீட்டுப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நான்கு தானங்களைச் சமண நெறி போற்றுகிறது. கல்வித் தானம் என்பது கட்டணம் செலுத்துவதோடு நின்றுவிடுவதன்று. இன்னின்ன நாட்டில் இன்னின்ன தொழிலுக்கு இன்ன வாயில் என்று முன்னரே எடுத்துரைப்பதும் கல்வித் தானமே. அயல்நாட்டில் பணியாற்றும் சமூகத்து இளைஞர்கள் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் தொலைபேசியில் வழிகாட்ட முன்வந்தால், பல லட்சம் ரூபாய்க் கடன் வீணாகாமல் காக்கப்படும். சூரியன் மறையுமுன் உண்ணும் பிள்ளை, பிற்பகல் நான்கு மணிக்கே இருள் சூழும் ஊரில் எவ்வாறு ஒழுகுவது என்பதையும் அவர்களன்றி வேறு யார் சொல்வார்?

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். முயன்றும் வேலை கிட்டாமல் திரும்பி வரும் பிள்ளை தோற்றவன் அல்லன். அவன் கற்றது அழிவதில்லை. அயல்நாட்டுப் பட்டத்தை இணையாக ஏற்பதற்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் வகுத்துள்ளது. 'ஊரார் என்ன சொல்வார்' என்னும் அச்சத்தால் பிள்ளைகள் சிலர் தகுதிக்குக் குறைந்த வேலையில், சட்டத்துக்கு மாறான நிலையில், அயல்மண்ணில் ஒளிந்து வாழ்கின்றனர். அவர்களுக்கு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் நாளிலேயே சொல்லி அனுப்புங்கள். அச்சொல்லை உடன் கொண்டு செல்பவன் துணிவோடு முயல்வான்; உண்மையை மறையாமல் உரைப்பான்.

கற்கச் செல்லும் முன் 'ஏற்பவர் யார்' என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்த பின்னரே கடன் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள். கடல் கடந்து செல்லும் பிள்ளைகள் அனைவரும் தகுதிக்கேற்ற தொழில் பெற்று, நன்னெறி தவறாமல் வாழ்க.